கூட யாரு வந்திருக்கா?

"கூட யாரும்மா வந்திருக்கா?"

2022 நவம்பர். ஐந்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் மேல் உட்கார்ந்திருந்தேன். டெங்கு. பிளேட்லெட் 38,000-க்கு இறங்கியிருந்தது. அட்மிஷன் போட வேண்டும். நர்ஸ் கையிலிருந்த ஃபார்மில் என் பெயர், வயது, முகவரிக்குக் கீழே 'அட்டெண்டர்' என்று ஒரு கட்டம். அதை ஒட்டி 'உறவுமுறை' என்று இன்னொரு கட்டம்.

"யாரும் வரல சிஸ்டர். ஆட்டோல நானே வந்துட்டேன்."

"அப்ப யாரையாச்சும் வரச் சொல்லுங்க. அட்டெண்டர் இல்லாம வார்டுக்கு அனுப்ப மாட்டாங்க."

போனை எடுத்தேன். அறுநூறுக்கு மேல் எண்கள். அம்மாவும் அப்பாவும் ஆலங்குளம் பக்கம். அப்போதே பஸ் ஏறினாலும் மறுநாள் காலையில்தான் வர முடியும். டீம் லீட் அக்காவுக்குக் கைக்குழந்தை. கூட வேலை பார்க்கும் பெண்கள் நல்லவர்கள்தான், கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் "ஸாரிப்பா, தொந்தரவு பண்றேன்" என்றுதான் தொடங்க வேண்டும். அந்த ஸாரி இல்லாமல் கூப்பிடக்கூடிய ஒரு எண் இருக்கிறதா என்று ஏ-யிலிருந்து இஸட் வரை தள்ளிப் பார்த்தேன். இல்லை. சென்னைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

கடைசியில் ஹாஸ்டலுக்குப் போன் போட்டேன். சமையல் அக்கா வந்தார். ராத்திரி டிபனை இன்னொரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, கையில் ஒரு ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு. உறவுமுறை என்று கேட்டபோது யோசிக்காமல் "சித்தி" என்றார். அந்த ராத்திரி என் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிரிப்ஸ் முடியும் நேரமெல்லாம் எழுந்து போய் நர்ஸைக் கூப்பிட்டார்.

விடியற்காலையில் கேட்டார்: "ஏம்மா, உனக்குக் கூட்டாளி யாரும் இல்லியா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

*

கூட்டாளிகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஏழு வருஷம் உட்கார்ந்தவளுக்கு இருபத்தொரு வயதில் கல்யாணம். முதல் வருஷம் போன் எடுத்தாள். இரண்டாம் வருஷம் அவள் மாமியார் எடுத்தார். மூன்றாம் வருஷம் அந்த எண் உபயோகத்தில் இல்லை. கல்லூரித் தோழிகளில் ஒருத்தி மஸ்கட்டில், ஒருத்தி கோயம்புத்தூரில். பிறந்தநாளுக்குக் கேக் ஸ்டிக்கர் வரும். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். நாங்கள் சும்மாவே கரைந்து போனோம்.

என் தம்பியும் சென்னையில் இரண்டு வருஷம் இருந்தான். வந்த மூன்றாம் நாளே தெருமுனை டீக்கடையில் அவனுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. ஒரு டீயை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நிற்கலாம். யாரும் ஏன் நிற்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். ஆண்களுக்கு இந்த ஊரில் தெருவுக்கு ஒரு கிளப் இருக்கிறது. சந்தா கிடையாது, ஃபார்ம் கிடையாது. அதே டீக்கடையில் நான் ஒருமுறை தனியாக நின்று டீ குடித்தேன். மாஸ்டர் மரியாதையாக "பார்சலாம்மா?" என்றார்.

பெண்கள் சேர்ந்து பேசியதே இல்லையா என்றால், நான் வளர்ந்ததே அந்தப் பேச்சுக்குள்தான். அம்மா பீடி சுற்றுவாள். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் பெண்கள் பீடி சுற்றுகிறவர்கள்தான். மத்தியானச் சோறு முடிந்ததும் சுளகைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுத் திண்ணையில் நிழல் இருக்கிறதோ அங்கே கூடிவிடுவார்கள். நனைத்த இலையை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, நுனியை மடக்கி. கை தன் பாட்டுக்கு ஓடும். வாய் தன் பாட்டுக்கு ஓடும். ஆளுக்கு ஆயிரம் பீடி கணக்கு. யார் வீட்டில் அடி, யார் வீட்டில் கடன், யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எல்லாம் அந்தச் சுளகுக்கு மேல்தான் பேசப்பட்டது. அந்த வேலையை நான் அழகாக்கிச் சொல்லவில்லை. அம்மாவின் இருமலும் அந்தத் திண்ணையில் வந்ததுதான். "நீ இதத் தொடக்கூடாது" என்று சொல்லித்தான் என்னைப் படிக்க வைத்தாள். நானும் தொடவில்லை. பீடியை விட்டபோது திண்ணையையும் சேர்த்து விட்டுவிட்டேன் என்பது மட்டும் பின்னால்தான் புரிந்தது.

*

காய்ச்சல் சரியாகி வந்தபிறகு சமையல் அக்காவிடம் கேட்டேன், அவருக்குக் கூட்டாளிகள் யார் என்று.

"எங்களுக்குத்தான் குழு இருக்குதே."

மகளிர் சுயஉதவிக் குழு. தமிழ்நாட்டில் அது 1989-இல் தர்மபுரியில் தொடங்கி, இன்று எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. நான் அதை லோன் வாங்கும் ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா சொன்னது வேறு. "வாராவாரம் ஒரே கிழம, ஒரே நேரம். வரலைன்னா ஃபைன். பணம் கம்மியாதான் சேரும். ஆனா ரெண்டு வாரம் ஒருத்தி வரலைன்னா மூணாவது வாரம் நாங்க அவ வீட்டு வாசல்ல நிப்போம்."

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்கினேன். ஒரே கிழமை, ஒரே நேரம், வராதவளைத் தேடிப் போவது.

இந்த ஊருக்குப் பெண்கள் சங்கம் புதிதும் இல்லை. 1917-இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டாரதி ஜினராஜதாஸ, அன்னி பெசன்ட் எல்லாம் அதில் இருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு கேட்டார்கள். 1921-இல் சென்னை மாகாணம் கொடுத்தது. அவர்களுக்குக் கேட்க ஒரு பெரிய விஷயம் இருந்தது. என் கோரிக்கையை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. 31 வயதில் "எனக்கு ஃப்ரெண்ட்ஸ் வேணும்" என்று எப்படி எழுதுவது? நாலு முறை டைப் செய்து அழித்தேன். கடைசியில் எழுதியது: "ஞாயிறு 4 மணி. நாகேஸ்வர ராவ் பூங்கா, லஸ். பெண்கள் மட்டும். சும்மா பேச." இன்ஸ்டாகிராமிலும் இரண்டு ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டிலும் போட்டேன்.

2023 ஜனவரியில் முதல் ஞாயிறு. மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி என் ரூம்மேட், பாவம் பார்த்து வந்தவள்.

*

முதல் மூன்று மாதமும் தப்பாகத்தான் செய்தேன். அலுவலகப் பழக்கத்தில் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து "உங்களப் பத்திச் சொல்லுங்க" என்றேன். பெயர், படிப்பு, கம்பெனி. இன்டர்வியூ மாதிரி ஆகிவிட்டது. பிறகு ஒரு காஃபி ஷாப்புக்கு மாற்றினேன். அங்கே ஒரு காபி 220 ரூபாய். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் வந்திருந்தாள்; "எனக்கு வேணாம், இப்பதான் குடிச்சேன்" என்றாள். அதற்கப்புறம் வரவில்லை. அவளைத் தேடி நான் போகவும் இல்லை. அக்கா சொன்ன மூன்றில் மூன்றாவதை முதல் மாதமே தவறவிட்டேன்.

திரும்பப் பூங்காவுக்கே வந்தோம். ஒரு கூட்டம் நடக்க என்னென்ன வேண்டும் என்று அனுபவத்தில்தான் தெரிந்தது. ஞாயிறு காலை யாராலும் வர முடியாது. வாரத்துத் துணியெல்லாம் அன்றைக்குத்தான் துவைக்க வேண்டும். ஆறரைக்கு முடித்தாக வேண்டும். ஹாஸ்டல் கேட் இருக்கிறது, மறுநாள் டிபன் இருக்கிறது. பக்கத்தில் கழிவறை வேண்டும். அது இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், சீக்கிரம் கிளம்புவார்கள். டிக்கெட் இல்லாத சாதா பஸ் வந்துபோகும் இடமாக இருக்க வேண்டும். 2021-இல் அரசு அந்த இலவசப் பயணத்தைக் கொண்டுவந்திருக்காவிட்டால் எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒருத்தி சொன்னாள்: "சும்மா பேசறதுக்கு முப்பது ரூபா செலவு பண்ணேன்னு வீட்ல எப்படிக்கா சொல்றது?"

வேண்டாத ஆட்களும் வந்தார்கள். உடம்பு இளைக்கப் பவுடர் விற்கிற ஒருவர் மூன்று வாரம் மிகப் பிரியமாகப் பேசிவிட்டு நாலாவது வாரம் டப்பாவைத் திறந்தார். இன்னொருவர் தன் தம்பிக்குப் பெண் பார்க்கத்தான் வந்தார் என்பது, அவர் எல்லோரிடமும் பிறந்த நட்சத்திரம் கேட்டபோதுதான் தெரிந்தது. ஒருத்தியின் கணவர் எனக்குப் போன் செய்து, "அங்க என்ன பேசுறீங்க?" என்று விசாரித்தார். "வெங்காயம் உரிக்கிறோம் சார்" என்றேன். அப்போது அது உண்மையாகவே இருந்தது.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, திண்டுக்கல்காரி ஒரு பையில் ஒரு கிலோ சின்ன வெங்காயம் கொண்டுவந்தாள். நாங்கள் ஹாஸ்டல் வழக்கப்படி ஒருவரையொருவர் ஊர்ப்பெயரில்தான் கூப்பிட்டுக்கொண்டோம். "நாளைக்கு வத்தக்குழம்பு வைக்கணும். வீட்ல உரிக்க நேரம் இல்ல. பேசிட்டே உரிச்சிரவா?" என்றாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டோம். பத்து நிமிஷத்தில் கண்ணில் தண்ணீர். ஒருத்தி நிஜமாகவே அழுதுகொண்டிருந்தாள், யாரும் கவனிக்கவில்லை. அல்லது கவனித்தும் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டு விட்டுவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள், இரண்டாவது முறை கரு தங்கவில்லை என்று. மூன்று மாதம் வட்டமாக உட்கார்ந்து கேட்டபோது "எஸ்என்ஏ இன்ஃபோடெக், டெஸ்டிங்" மாதிரி ஒரு பதிலை மட்டும் சொன்னவள் அவள்.

அன்றைக்கு எனக்குத் திண்ணை ஞாபகம் வந்தது. முகத்தைப் பார்த்துப் பேசச் சொன்னால் வராத பேச்சு, கையைப் பார்த்துப் பேசினால் வருகிறது. அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்கொரு வேலை கொண்டுவந்தோம். முருங்கைக்கீரை உருவுவது, சேலைக்கு ஃபால்ஸ் தைப்பது, ஒரு டீச்சர் விடைத்தாள் கட்டையே கொண்டுவந்துவிட்டார். பூங்கா வாட்ச்மேன் தோலையெல்லாம் கூட்டி அள்ளச் சொன்னார். அள்ளினோம்.

பின்னால் ஒரு ஆய்வைப் படித்தேன். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்டது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கு மேல் என்கிறது அது. எங்களுக்கு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். கணக்குப் போட்டேன்: முதல் படிக்கே 20 வாரம். நெருக்கத்துக்கு 80 வாரம், ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்தால். அம்மாவின் திண்ணையில் அந்த 200 மணி நேரம் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும்.

*

இப்போது நான் எழுதத் தயங்கிய பகுதி.

தேனியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். 24 வயது, டயாலிசிஸ் டெக்னீஷியன். எல்லோரையும்விட வேகமாக வெங்காயம் உரிப்பாள், எல்லோரையும்விடக் குறைவாகப் பேசுவாள். சமையலில் திண்டுக்கல்காரிக்கு அவள்தான் ஜோடி.

ஆடி மாதம். குலதெய்வம் கோயிலுக்கு ஊருக்குப் போய்வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தங்கள் சாமியின் பெயரைச் சொன்னார். நானும் எங்கள் சாமியையும், அது எந்த மலையடிவாரம் என்பதையும், கிடா வெட்டுக்கு வரும் கூட்டத்தையும் சொன்னேன். அப்படியே சுற்றி வந்து தேனியிடம் நின்றது.

"உங்க சாமி எதுடா?"

"எங்களுக்கு அப்படியெல்லாம் இல்லக்கா."

"அதெப்படி இல்லாம இருக்கும்? ஊர்ல எந்தத் தெருன்னு மட்டும் சொல்லு. எங்க சித்தப்பா அந்தப் பக்கம்தான். நானே கண்டுபிடிச்சுச் சொல்லிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. ஏனென்றால் என் பதிலுக்கு எந்தச் செலவும் இல்லை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். மூன்றாம் வாரம் சமையல் அக்கா சொன்னதை இந்த முறை செய்தேன். அவள் டியூட்டி முடிந்து வரும் நேரத்தில் போய் நின்றேன். ரோட்டோரமாகப் பேசிக்கொண்டே நடந்தோம். முதலில் வேலை என்றாள், நைட் ஷிஃப்ட் என்றாள். பஸ் ஸ்டாப் வந்ததும் சொன்னாள்.

"மெட்ராஸ் வந்து நாலு வீடு பார்த்தேங்க்கா. வாடகை எவ்வளவுன்னு நான் கேக்குறதுக்கு முன்னாடி அவங்க இதத்தான் கேப்பாங்க. ஒரு வீட்ல அட்வான்ஸ் வாங்கிட்டுக்கூடத் திருப்பிக் குடுத்தாங்க. வாரத்துல ரெண்டு மணி நேரம் யாரும் இதக் கேக்காத எடம்னு நெனச்சுதான் வந்தேன். அந்தக்கா கேட்டதுகூடப் பரவால்ல. நீங்க சிரிச்சீங்க."

மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குக்கா" என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். போகும்முன் கேட்டாள்: "போன்ல என்னைத் தேனின்னா சேவ் பண்ணிருக்கீங்க?" ஆமாம் என்றேன். அன்றைக்கு அவள் பெயரைப் போட்டு மாற்றினேன். ஊர்ப்பெயர் செல்லப்பெயர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த ஊர் என்ற கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் எந்தத் தெரு என்ற கேள்வி வருகிறது.

அந்த ஞாயிறே குரூப்பில் எழுதினேன்: தெரு, சாமி, வீட்டில் சமைப்பது, சாப்பிடாதது, இதையெல்லாம் வைத்து யாரையும் துருவக் கூடாது. கேட்ட அக்கா கோபப்பட்டார். "ஊர்ப்பாசத்துல கேட்டது ஒரு குத்தமா? நட்புன்னா எல்லாத்தையும் பேசத்தானே?" என்றார். அவரோடு இன்னும் நாலு பேர் விலகினார்கள். அவர்களில் இரண்டு பேர் எனக்கு நிஜமாகவே பிடித்தவர்கள். கூட்டம் பதினாறிலிருந்து பத்தாகியது. தேனி திரும்ப வரவில்லை. விதி எழுதியதால் நான் சரியாகிவிட்டேன் என்று காட்டிக்கொள்ள அவள் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

*

நட்பைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் ஆண்களின் நட்புதான். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும், பாரியும் கபிலரும். சங்க அகப்பாடல்களில் தோழி வருகிறாள். அவளுக்குப் பெயர் கிடையாது, அவள் பேசுவது தலைவியின் காதலைப் பற்றி மட்டும்தான். எனக்குப் பிடித்தவள் சிலப்பதிகாரத்தின் தேவந்தி. கணவன் விட்டுப்போனவள். மதுரை எரிந்து எல்லாம் முடிந்தபிறகு கண்ணகியைத் தேடி வஞ்சி வரைக்கும் போகிறாள். யாரும் போகச் சொல்லவில்லை. அங்கே போய் அவள் சொல்லிக்கொள்ளும் உறவு, தோழி என்பதுதான்.

*

2024 ஆகஸ்டில் திண்டுக்கல்காரிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் என்று முடிவானது. கணவர் துபாயில், மாமியாரால் நடக்க முடியாது, பையன் இரண்டாம் வகுப்பு. குரூப்பில் ஒரு வரி போட்டாள்: "வியாழன் அட்மிஷன். அட்டெண்டர் வேணும்." ஸாரி என்று ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்துவிட்டு அலுவலகக் கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அரை மணி நேரத்தில் பட்டியல் தயார். பகலுக்கு டீச்சர், சாயங்காலத்துக்கு வியாசர்பாடி, பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருத்தி. ராத்திரி நான். ஹாஸ்டலில் சமையல் அக்காவிடம் சொன்னபோது அதே ஃபிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். அவரைப் பலமுறை ஞாயிறு கூப்பிட்டிருக்கிறேன். "நான் வந்துட்டா சாயங்கால டிபன் யாரு போடுறது, நீயா?" என்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ராத்திரி பத்து மணிக்கு வார்டுக்குப் போனால், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் தேனி உட்கார்ந்திருந்தாள்.

பட்டியலில் அவள் பெயர் இல்லை. அவள் குரூப்பிலேயே இல்லை. டிரிப்ஸின் வேகத்தைத் தன் வாட்சைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்காரி மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய தாளில் அட்டெண்டர் என்ற இடத்தில் அவள் பெயர். உறவுமுறை: தங்கை.

அப்போதுதான் தெரிந்தது. அந்த ஒரு வருஷமும் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் திண்டுக்கல்காரி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பையனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள், ராத்திரி அங்கேயே சாப்பிட்டுத் தூங்குவாள். இப்போது அவள் இருக்கும் வீடுகூட அதே தெருவில், திண்டுக்கல்காரி நின்று பேசி வாங்கிக் கொடுத்தது. இருவரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் நான் இல்லை. பூங்காவில் நான் ஆள் எண்ணிக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல், நான் தொடங்கியதன் காரியம் வேறொரு வீட்டில் நடந்திருக்கிறது.

ராத்திரி வார்டுக்குள் ஒருவர்தான் இருக்கலாம் என்றார் நர்ஸ். நான் போகிறேன் என்றேன். தேனி என் கையிலிருந்த ஃபிளாஸ்க்கை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"நீங்க ஆபீஸ்லருந்து நேரா வந்திருக்கீங்க. வெளிய பெஞ்சுல படுங்கக்கா. மூணு மணிக்கு எழுப்புறேன், மாத்திக்கலாம்."

"எழுப்புவியா?"

"எழுப்புவேன்."

இந்தக் கட்டுரையை எழுதும்முன் அவளிடம் படித்துக் காட்டினேன். பெயர் போட வேண்டாம் என்றாள். "தேனின்னே போடுங்க. தேனி பெரிய ஜில்லா." நான் சிரித்ததை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

ஞாயிறு கூட்டம் இப்போதும் நடக்கிறது. பத்து பேர், சில வாரம் ஏழு. அவள் வருவதில்லை. அன்றைக்கு ராத்திரி வராண்டா பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். மூன்று மணிக்குச் சரியாக எழுப்பினாள்.